வால் விருது

குளம்படி என்றொரு நாடு. அங்கே மழையைக் கண்டவர்கள் குறைவு. ஆனாலும் அரசு அலுவலர்கள் ஆண்டு முழுக்கக் கம்பளிக் கோட்டு அணிந்தாக வேண்டும். நரிவேட்டைக்கு அதுதான் மரபு என்று எந்தக் காலத்திலோ ஒரு குளிர்தேசத்து விருந்தாளி சொல்லிவிட்டுப் போனாராம். கோட்டு ரத்தச் சிவப்பு. அதை ரோஜா நிறம் என்றே சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் சிறை.

அந்தக் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் மாசிலாமணி, அரண்மனைக் கொம்பூதி. முதுகெல்லாம் வேர்க்குரு. இருந்தாலும் தெருவில் நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்களே, அது போதாதா? பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதையும் மரியாதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது.

அந்நாட்டில் மன்னரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இப்போதைய மன்னரின் சின்னம் கொம்பு. வாக்குறுதி எப்போதும் ஒன்றே: "கோழி தின்னும் நரியை ஒழிப்பேன்!" வென்றதும் சட்டம் வந்தது. நரியை அரச வேட்டையில் மட்டுமே கொல்லலாம். மற்றவர்கள் கல்லெறிந்தாலும் ராஜதுரோகம். குதிரைகள் தாண்டச் சிரமப்படுகின்றன என்று வயல் வேலிகளைப் பிடுங்கச் சொன்னார்கள். பிறகு, வேட்டை நாய்கள் தடையின்றி நுழைந்து சோதிப்பதற்காகக் கோழிக்கூண்டுகளுக்குக் கதவே கூடாது என்றார்கள். நரிக்கு இதைவிட வசதியாக யார் செய்து கொடுப்பார்கள்? அத்தனை சட்டத்தையும் ஊர் ஊராகக் கொம்பூதி அறிவித்தவர் நம் மாசிலாமணிதான்.

அவர் வீட்டில் பதினோரு கோழிகள். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த மகளுக்கு முட்டை வேண்டுமே என்று மனைவி வடிவாம்பாள் பார்த்துப் பார்த்து வளர்த்தவை. ஒரு காலையில் கூண்டுக்குள் தலையை விட்ட நரியை அவள் கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடையால் மூடி, மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னங்க! ஒலக்கைய எடுத்துட்டு ஓடியாங்க. இன்னையோட இந்தத் தொல்லை ஒழியட்டும்!"

மாசிலாமணி உலக்கையை எடுத்தார். ஓங்கினார். ஒரே போடு, மகளுக்கு முட்டை நிச்சயம். ஆனால் நரி போய்விட்டால் வேட்டை ஏது, கொம்பு ஏது, அந்தக் கோட்டுதான் ஏது?

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல, வடிவு" என்று உலக்கையைச் சாத்திவிட்டுக் கொம்பை எடுத்து ஊதினார்.

"அடப் பாவி மனுசா!" என்றாள் அவள்.

வேட்டைத்துறை அமைச்சர் குதிரையில் வந்து இறங்கினார். பின்னால் இருபதரை ஜோடி நாய்கள். ஜோடியாக எண்ணுவதுதான் மரபு. நாற்பத்தொன்று என்பது பாமரத்தனம்.

"பெண்மணியே, எந்த உடையில் தாங்கள் இந்த நரியைப் பிடித்தீர்கள்?" என்றார் அமைச்சர்.

"கட்டுன சேலையோடதான். வேற எப்படிப் பிடிப்பாங்க?"

"கோட்டு இல்லை. கொம்பு இல்லை. துரத்தல் இல்லை. ஆகவே இந்த நரி பிடிபட்டதாகவே கருத முடியாது. விடுவித்து, கால் மணி நேரம் அவகாசம் கொடுத்து, முறைப்படி துரத்துவோம்."

"ஐயா, மவ வாயும் வயிறுமா இருக்கா..."

"தேசத்தைவிட முட்டை பெரிதா?"

இரண்டு சேவகர்கள் வடிவாம்பாளைத் தூக்கி இறக்கினார்கள். பஞ்சாரத்தைத் தூக்கியவர் மாசிலாமணி. நரி நிதானமாகக் கொல்லைப்பக்கம் போய் மறைந்தது. கால் மணி கழித்துக் கொம்பு முழங்க, நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். கதவில்லாத கூண்டு பக்கத்திலேயே இருக்கும்போது வெயிலில் நரியைத் தேடி ஓட அவற்றுக்கு என்ன பைத்தியமா? ஐந்தே நிமிடத்தில் ஒரு கோழியும் மிஞ்சவில்லை. மாசிலாமணி அழுதார். அழுதுகொண்டே, மரபு கெடாமல், வேட்டை முடிந்ததற்கான நீண்ட கொம்பொலியையும் எழுப்பினார்.

வேட்டையில் சிறந்தவருக்கு நரியின் வாலைப் பரிசளிப்பது வழக்கம். நரி கைவசம் இல்லாததால், கூண்டில் கிடந்த இறகுகளைக் கட்டி வாலாக்கி, மறுவாரம் மன்னரே மாசிலாமணியின் மார்பில் அணிவித்தார். வடிவாம்பாள் அதைப் பார்த்த நாளிலிருந்து அவரோடு பேசவில்லை. மகளுக்கு வெறும் கஞ்சிதான்.

தேர்தல் வந்தது. கோட்டின் நிறத்தை நீலமாக்குவோம் என்று சொல்லி எதிர்க்கட்சி ஊரையே இரண்டாக்கியிருந்தது. இந்த முறை இரண்டு பேருக்குமே ஓட்டு இல்லை என்று கறுவிக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போன மாசிலாமணி, வரிசையைப் பார்த்துத் திகைத்து நின்றார். ஒவ்வொரு ஆண்பிள்ளையின் மார்பிலும் ஒரு வால். வெள்ளை, கருப்பு, புள்ளி போட்டது. எல்லாம் கோழி இறகு. ஒருவர் வாலை ஒருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள்.

மாசிலாமணியும் அளந்தார். எல்லாவற்றிலும் அவருடையதுதான் நீளம். பதினோரு கோழி அல்லவா! மார்பை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய், கொம்புச் சின்னத்தில் ஓங்கி முத்திரை குத்திவிட்டு வந்தார்.