நாற்சந்தி வடையும் நடுக்கூடத்து ஊஞ்சலும்

மிருதுலா என்னைத் திட்டி மூன்று நாள் ஆகிவிட்டது.

தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. மணிநகரில் எங்கள் தெருவில் எந்த வீட்டை எட்டிப் பார்த்தாலும் மெத்தை மொட்டைமாடியில், பாத்திரம் முற்றத்தில், புருஷன் ஏணியில். எல்லா வீட்டிலிருந்தும் சத்தம் வருகிறது. எங்கள் வீட்டில் மட்டும் சத்தமே இல்லை. மிருதுலா என்றால் மென்மையானவள் என்று அர்த்தம். பெயர் வைக்கும்போது அவளுக்கு வயது ஆறு நாள், என் மாமனாரைக் குற்றம் சொல்ல முடியாது.

முதல் நாள் சும்மா இருந்தாள். இரண்டாம் நாள் டீயைக் கையில் கொடுத்து, "சர்க்கரை போதுமாங்க?" என்று கேட்டாள். கல்யாணமான முப்பத்து நாலு வருஷத்தில் என் சர்க்கரையைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. டாக்டர்தான் கேட்பார். மூன்றாம் நாள் தையல் டேப்பை எடுத்து வந்து கூடத்தின் நடுவில் குந்தி உட்கார்ந்து தரையை அளந்தாள்.

"என்னத்த அளக்கிற?"

"தூசியை."

"தூசியை எதுக்கு அளக்கணும்?"

"எவ்வளவு பெருக்கணும்னு தெரிய வேண்டாமா?"

அன்று மத்தியானம் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு நடியாதில் இருக்கும் தன் அண்ணனிடம் போனில் பேசினாள். நான் ஒரு கண்ணைத்தான் மூடியிருந்தேன், காது இரண்டும் திறந்தே இருந்தன. "டெம்போ விடியக்காலையிலேயே வந்துடட்டும் அண்ணா. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. டெம்போ எதற்கு? அளந்த இடம் எது? அளந்த இடத்துக்கு நேர் மேலே தொங்குவது எது? நான் அதில்தான் படுத்திருந்தேன்.

என் ஊஞ்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரத்தன்போள் கடைவீதியில் ஒரு புடவைக்கடையில் முப்பத்தொரு வருஷம் நின்றேன். வாங்குகிறவர்கள் எல்லாரும் மெத்தையில் உட்கார்ந்திருப்பார்கள், நான் நின்றுகொண்டே நூறு புடவையை விரித்து நூறு புடவையை மடிப்பேன். போன வருஷம் ஓய்வு பெற்றபோது எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. உட்கார வேண்டும். கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு அடியில், தெருவைப் பார்த்தபடி, ஒரு காலால் தரையை உந்திக்கொண்டு உட்கார வேண்டும். தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. ஆடும்போது வலப்பக்கச் சங்கிலி 'கிணிங் கிர்ர்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் என் கால்வலி பாதி போய்விடும்.

அந்த ஊஞ்சல் முன்பு பின்பக்க பால்கனியில் ஈரத்துணிகளுக்கு நடுவே கிடந்தது. அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்தது என் புத்திசாலித்தனம். தீபாவளிக்கு முதல் நாள் எங்களுக்குக் காளி சௌதஸ். வருஷமெல்லாம் வீட்டில் சேர்ந்த சண்டை சச்சரவைக் கக்ளாட் என்போம். சாயங்காலம் வடை சுட்டு, நாற்சந்தியில் வைத்து, சுற்றிலும் தண்ணீர் வட்டம் போட்டு, கக்ளாட்டை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மிருதுலா வடை வைத்துவிட்டு வரும்போது பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. திரும்பினாள். பீடாக்கடை ஓரம் நின்றிருந்த நான் பார்த்துவிட்டேன்.

அடுத்த ஒரு வருஷம் எனக்கு ராஜயோகம். எந்தப் பேச்சு முற்றினாலும் நான் குரலை உயர்த்த மாட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "திரும்பிப் பார்த்தது யாரு?" அவ்வளவுதான், வாய் மூடிவிடும். சீரகம் அதிகமானதற்கும் அதே கேள்வி, அவள் அண்ணன் ஒரு வாரம் தங்கியதற்கும் அதே கேள்வி. அந்தக் கேள்வியால்தான் ஊஞ்சல் பால்கனியிலிருந்து கூடத்துக்கு வந்தது. கூடத்து உத்தரம் தாழ்வு என்பதால் தச்சர் வலப்பக்கச் சங்கிலியிலும் இடப்பக்கச் சங்கிலியிலும் தலா ஒரு முழம் வெட்டிப் பரணில் போட்டார். மிருதுலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது அந்த ஊஞ்சலைத்தான் நடியாதுக்கு ஏற்றப் பார்க்கிறாள். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். தீபாவளி முடிகிறவரை ஊஞ்சலை விட்டு இறங்குவதில்லை.

மறுநாள் காலை மிருதுலா துடைப்பத்தோடு வந்து நின்றாள். நான் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?"

"மாட்டேன்."

"சரி, அப்படியே உட்காருங்க. நீங்க எதுக்கு எழுந்திருக்கணும்? உட்கார்ந்துகிட்டே செய்யற வேலையா தர்றேன்."

இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். முட்டாள். ஒரு கூடை பித்தளைப் பாத்திரமும் ஒரு கிண்ணம் புளியும் மடியில் வந்து விழுந்தன. தேய்த்தேன். செம்பு வந்தது, தேய்த்தேன். பரணைச் சுத்தம் செய்ய வந்த ஆள் அந்த வெட்டிய சங்கிலித் துண்டைக் கீழே போட, அதுவும் என் மடிக்கு வந்தது. அதையும் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தேன். பிறகு பிஸ்தா உரித்தேன், ஏலக்காய் உரித்தேன், பதினாறு டப்பாவுக்கு மூடி பொருத்தினேன். மூன்று டப்பாவுக்கு மூடி கடைசிவரை கிடைக்கவில்லை. கூக்ரா என்னும் சோமாசிக்குப் பூரணம் வைத்து ஓரத்தை மடிப்பு மடிப்பாகக் கிள்ளினேன். என் புடவை மடிப்புக் கைக்கு அது நன்றாகவே வந்தது. மிருதுலா பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் இந்தக் கையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குளிக்கப் போகும்போது மட்டும்தான் ஆபத்து. அதற்கு ஒரு நீளச் சைக்கிள் பூட்டால் ஊஞ்சல் சங்கிலியையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போனேன். ஒரு நாள் நான் குளியலறைக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டு ஜசுபென் மாவுச் சல்லடை கேட்டு வந்தவள் அதைப் பார்த்து நின்றுவிட்டாள். மிருதுலா அவளுக்குப் பாபி, அதாவது அண்ணி; நான் பாய், அண்ணன்.

"என்ன பாபி, ஊஞ்சலுக்குப் பூட்டு?"

"ஓடிப்போயிடுமாம்," என்றாள் மிருதுலா.

இருவரும் சமையலறைக்குள் போய் ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். ஒரு சல்லடைக்கு அவ்வளவு பேச்சு வேண்டியதில்லை. குளியலறைக் கதவில் காதை வைத்துப் பார்த்தேன், தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

காளி சௌதஸ் வந்தது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மிருதுலா வடைத் தட்டையும் செம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். முட்டி வலிக்கிறதாம், இந்த வருஷம் நான்தான் போக வேண்டுமாம். காலையில் இதே முட்டியோடு ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைத்தவள்.

"ஜசுபென் போவா இல்ல? அவகிட்ட கொடுத்து விடு."

"நம்ம வீட்டுக் கக்ளாட்டை அவ தூக்கிட்டுப் போனா அது யார் வீட்டுக்குப் போகும்? பாவம், அவளுக்கு இருக்கறது போதாதா?"

போகாமல் இருந்தால் வருஷம் முழுக்கச் சண்டை வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். போனால் ஊஞ்சல் போய்விடும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை, பச்சைப்பிள்ளை முகம்.

"நான் ஊஞ்சல்லயே உட்கார்ந்து காவல் இருக்கேன். போயிட்டு வாங்க. திரும்பி மட்டும் பார்த்துடாதீங்க," என்றாள்.

பூட்டைப் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தெருவில் டெம்போ ஏதாவது நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு காய்கறி வண்டியும் பட்டாசு விடும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். நாற்சந்தியில் எங்கள் வட்டாரத்துச் சண்டை முழுவதும் வடையாகக் குவிந்து கிடந்தது. நாய்கள் பேதம் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தன. எங்கள் வீட்டுப் பங்கை வைத்தேன், வட்டமாகத் தண்ணீர் விட்டேன், வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

பத்தடி போயிருப்பேன். பின்னாலிருந்து கேட்டது.

கிணிங் கிர்ர்.

நின்றுவிட்டேன். வேறு சங்கிலிக்கு அந்தக் குரல் வராது. அது என் சங்கிலி. என் வலப்பக்கச் சங்கிலி. வேறு வழியாக டெம்போவைக் கொண்டுவந்து, பூட்டை அறுத்து, ஏற்றி, இதோ எனக்குப் பின்னாலேயே நடியாதுக்குக் கொண்டுபோகிறார்கள். திரும்பக் கூடாது, நட என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டடி நடந்தேன். மறுபடியும் கிணிங் கிர்ர். முப்பத்தொரு வருஷம் நின்ற கால்கள் இரண்டும் அழாத குறை. இனி எங்கே உட்காருவேன்?

திரும்பிவிட்டேன்.

டெம்போ இல்லை. ஜசுபென் நின்றிருந்தாள், ஒரு கையில் காலி வடைத் தட்டு, மறு கையில் ஒரு துணிப்பை.

"ஐயையோ பாய், திரும்பிட்டீங்களே," என்றாள். ரொம்ப வருத்தமாகச் சொன்னாள். அவள் வீட்டில் எல்லாரும் நாடகப் பிரியர்கள்.

வீட்டுக்கு ஓடினேன். ஊஞ்சல் இருந்த இடத்திலேயே இருந்தது, பூட்டும் இருந்தது. மிருதுலா அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் கிள்ளிய கூக்ராவைத் தின்றுகொண்டிருந்தாள். பலகையைத் தொட்டுப் பார்த்தேன். கண் கலங்கியது, அதை மறைக்கவில்லை.

"திரும்பிப் பார்க்கலையே?" என்று கேட்டாள்.

"சேச்சே," என்றேன்.

அவள் இன்னொரு கூக்ராவை எடுத்துக் கடித்தாள். தீபாவளியும் வந்து போனது, விளக்கு வைத்தோம், இனிப்புத் தின்றோம். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பன்னிரண்டு நாள் காவல் காத்து ஊஞ்சலைக் காப்பாற்றிவிட்டேன். வீடும் கண்ணாடி மாதிரி இருந்தது. அதை யார் செய்தது என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

தீபாவளிக்கு மறுநாள், எங்கள் புது வருஷத்தன்று விடியக்காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. டெம்போ. மிருதுலா வலிக்கிற முட்டியோடு இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினாள். டெம்போ எதையும் எடுத்துப்போக வரவில்லை, கொண்டுவந்திருந்தது. அவள் அண்ணன் வீட்டுச் சோபா. ஏழடி நீளம், காபிப்பொடி நிறம். கூடத்தின் நடுவில் ஊஞ்சல் இருக்கும் இடத்துக்கு அங்குல சுத்தமாகப் பொருந்தும்.

"ஊஞ்சல் பால்கனிக்குப் போகட்டும். இந்த வருஷம் விருந்தாளிங்க வந்தா உட்கார இடம் வேணும்," என்றாள்.

எழுந்து நின்றேன், கத்த வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஜசுபென் 'சால் முபாரக்' என்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். மிருதுலாவின் கையில் அந்தத் துணிப்பையைக் கொடுத்தாள்.

"இந்தா பாபி, உங்க சங்கிலி. பாய் எவ்வளவு பளபளன்னு தேய்ச்சிருக்கார்."

பைக்குள்ளிருந்து வெளியே வந்தது பரணில் கிடந்த துண்டு. என் வலப்பக்கச் சங்கிலியின் மிச்சம். மிருதுலா அதை ஒரு முறை மெதுவாக ஆட்டினாள். கிணிங் கிர்ர்.

ஊஞ்சலைத்தான் நான் காவல் காத்திருந்தேன், பின்னால் திரும்பும் என் கழுத்தை யாரும் காவல் காக்கவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னங்க, நல்ல நாளும் அதுவுமா சண்டையா?" என்று மிருதுலா மிக மென்மையாகக் கேட்டாள். அவள் பெயர் அவளுக்குப் பொருந்தியதை அன்றுதான் பார்த்தேன். "சரி, சண்டை எப்படி இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு? திரும்பிப் பார்த்தது யாரு?"

இதை நான் சோபாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலால் எவ்வளவு உந்தினாலும் ஆடமாட்டேன் என்கிறது.