வணக்கத்திலேயே முடிந்த கேள்வி

மைக்கைக் கண்டால் எனக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறும். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ஜெயித்தவர்கள் பலருக்கும் உள்ள வியாதிதான். எனக்கு அது சென்னை வரை போய் முற்றியது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் லேபிள் டிசைனராக இருந்தேன். கம்பெனிக்கு இணையதளம் வேண்டும் என்று முதலாளி அண்ணாச்சியை நச்சரித்தது நான்தான். இணையப் பெயர்களைப் பங்கிட்டுத் தரும் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டேன். எப்படியும் கிடைத்துவிடும் என்ற மிதப்பில், பதில் வருமுன்பே தீபாவளி கிஃப்ட் பெட்டி அத்தனையிலும் அந்த முகவரியை அச்சடித்துவிட்டேன் (தங்க நிறத்தில் வேறு). சங்கத்தின் பதில் ஒற்றை வார்த்தையில் வந்தது: நிராகரிப்பு.

நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பது அவர்களே எழுதி வைத்த விதி. எத்தனை மெயில் போட்டும் மூச்சுப் பேச்சில்லை. அப்போதுதான் அவர்களுடைய பொதுக்கூட்டம் சென்னையில் நடக்கிறது, யாரும் வந்து கேள்வி கேட்கலாம் என்று தெரிந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே, சீசன் லோடு ஏறப்போகுது. அந்தப் பேரோட வா. இல்லேன்னா அம்புட்டுப் பெட்டிக்கும் நீயே உக்காந்து ஸ்டிக்கர் ஒட்டு.”

சாத்தூரில் நர்ஸாக இருந்த என் மனைவி ஸ்டெல்லா, கடல் பார்க்கலாம் என்று கூட வந்தாள். ரயிலில் அவளிடம் என் உரையை ஒத்திகை பார்த்தேன். இதில் கேள்வி எங்கே வருகிறது என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஏசி ஹோட்டல் அரங்கம். கேள்விக்கு இரண்டு நிமிடம், பதிலுக்கும் இரண்டு நிமிடம். நேரம் முடிந்தால் சிவப்பு விளக்கு எரிந்து மைக் தானாக அணைந்துவிடும் என்று தலைவர் கண்டிப்பாகச் சொன்னார். நான் எழுந்தேன். மேடையில் வீற்றிருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வணக்கம் வைத்தேன். மைக்செட்காரரை வாழ்த்தினேன். எங்கள் ஊர்ப்பக்கத்து வெம்பக்கோட்டை வெயிலை வர்ணித்தேன். “ஆகவே நான் கேட்க விரும்புவது என்னவென்றால்” என்று மூச்சு வாங்கியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் செத்தது. (வாய் மட்டும் மேற்கொண்டு ஓடிக்கொண்டிருந்ததாக ஸ்டெல்லா சொல்கிறாள்.)

யாரோ கைதட்டினார்கள். ஸ்டிக்கர் மலை கண்முன் எழ, காதெல்லாம் சூடாகி என் நாற்காலியைத் தேடினேன். அதற்குள் ஸ்டெல்லா மைக் முன்னால் நின்றிருந்தாள்.

“ஒரு பேரைத் தர மாட்டோம்னா காரணம் சொல்லணும்னு உங்க விதியிலேயே இருக்கு. எங்களுக்குச் சொல்லலை. ஏன்னு சொல்லுறீகளா?”

அவ்வளவுதான். தலைவர் கனைத்துக்கொண்டு சங்கத்தின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். வெளிப்படைத்தன்மை என்றார், பொறுப்புணர்வு என்றார். காரணத்துக்கு வருவதற்குள் அவருடைய மைக்கும் அணைந்தது. மெஷினுக்குத் தலைவர் யார் என்று தெரியவில்லை. அரங்கமே சிரித்தது, கடைசியில் அவரும் சிரித்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி எங்களிடம் வந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் காரணம் பிடிபட்டது. பெயரில் ‘வெடி’ இருப்பதைப் பார்த்து யாரோ ஒரு அதிகாரி பயந்துபோய் ஓரங்கட்டியிருக்கிறார். லோடு ஏறுமுன் பெயர் எங்கள் கைக்கு வந்தது.

அடுத்த வருஷக் கூட்டத்துக்கு அண்ணாச்சி டிக்கெட் போட்டது ஸ்டெல்லாவுக்கு மட்டும். கூடப் போகலாமா என்று கேட்டேன். அவளுக்குப் பை தூக்க ஆள் வேண்டுமென்றால் போ என்றார்.

வீட்டில் இன்னும் மோசம். சாப்பாட்டு மேஜையில் நான் ஜெபம் பண்ண ஆரம்பித்து, மழை, மாதச் சம்பளம், மஸ்கட் சித்தப்பா என்று நீண்டால், என் மகள் எழுந்து போய் லைட்டை அணைத்துவிடுகிறாள். இருட்டில் ஸ்டெல்லா “ஆமென்” என்று சொல்ல, எல்லாரும் சாப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள்.