பேய் பிடித்த நாங்காய் மரம்

எங்கள் எஃபாட்டே தீவில் அந்த நாங்காய்ப் பருவம் முழுக்க ஒரே பேச்சு, கிளேவா வில்லி பொங் பற்றித்தான். கிளேவா என்றால் குறி சொல்லிப் பேயோட்டுகிறவர். இவர் மந்திரத்துக்குப் பேர்போன அம்பிரிம் தீவுக்காரர். அந்தப் பெயரைக் கேட்டாலே எங்களுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். மீதியை அவருடைய தண்ணீர்த் தொட்டி பார்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆமென் சொன்ன அதே கூட்டம் திங்கட்கிழமை அவர் முன்னால் வரிசையில் நின்றது.

எங்கள் ஊர்ப் பாதாமான நாங்காய்க் கொட்டை சொத்தையா என்று எங்கள் பெண்கள் தண்ணீரில் போட்டுத்தான் பார்ப்பார்கள். சொத்தை மிதக்கும், நல்லது மூழ்கும். அந்தப் பழக்கத்தில் வில்லி பொங் ஒரு வரி சேர்த்தார்: தன் தொட்டியில் மிதப்பது பேய் தொட்ட கொட்டை. உடைத்தால் கையோடு வயிறு ஊதிவிடும். உடைக்காமல் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். மந்திரத்தோடு மூங்கில் குழாயிலிருந்து வெள்ளைப் பொடியும் தொட்டியில் கொட்டுவார். யார் வீட்டுக் கொட்டைக்கு எவ்வளவு கொட்டுவது என்பது பேய்க்கும் அவருக்கும்தான் தெரியும். நானும் மூன்று கூடை கொடுத்தேன், பயபக்தியோடு.

எங்கள் ஊர்ப் பெண் லெய்வியாவின் கொட்டைகள் மட்டும் மொத்தமாக மிதந்தன. மரத்தையே வெட்ட வேண்டும் என்றார் கிளேவா.

"வெட்டின மரத்த என்னய்யா பண்றது?" என்று கேட்டார் ஊர்த் தலைவர் கல்மெட்.

"படகா குடைஞ்சா பேய் போயிடும். அந்தப் படகையும் நானே எடுத்துட்டுப் போயிடறேன். உங்களுக்கு ஏன் சிரமம்?"

இப்படியும் ஒரு தியாகியா என்று தலைவருக்குக் கண் கலங்கியது.

லெய்வியா பிறந்த அன்று அவளுடைய அப்பா தோட்டத்து எல்லையில் நட்ட மரம் அது. எங்கள் ஊரில் நட்ட மரம்தான் நிலப் பத்திரம். அது போனால் பக்கத்துத் தோட்டம் நகர்ந்து நகர்ந்து அவள் அடுப்படிக்கு வந்துவிடும். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

சனிக்கிழமை காலை கோடரியோடு கூடினோம். அவள் ஒரு கூடையும் ஒரு வாளி மழைத் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

"கிளேவாய்யா, கடைசியா ஒரு தடவ பாத்துடுங்க."

அவரும் பெருந்தன்மையோடு தன் தொட்டியில் பொடியைத் தாராளமாகக் கொட்டி மந்திரம் சொன்னார். லெய்வியா கூடையை அதில் கவிழ்த்தாள். அத்தனையும் மிதந்தன.

"பாத்தீங்களா? பேய் குடும்பத்தோட குடியிருக்கு," என்றார்.

"அப்ப கோடரிய உங்க வீட்டுக்குக் கொண்டு போகலாமா, தலைவரே?" என்றாள் லெய்வியா. "இது உங்க மரத்துக் கொட்ட. காலையில உங்க சம்சாரத்துகிட்ட வாங்கிட்டு வந்தேன்."

"என் மரத்துல பேயா? யாருகிட்ட சொல்ற?" என்றார் தலைவர். அந்த நிமிடமே அவருக்குப் பகுத்தறிவு பிறந்துவிட்டது.

அவள் அதே கொட்டைகளை அள்ளி வாளியில் போட்டாள். எல்லாம் அடியில் போய் உட்கார்ந்தன. தொட்டித் தண்ணீரைத் தலைவர் விரலால் தொட்டு நக்கினார். முகம் கோணியது.

"உப்புடா. கடலே தோத்துடும்."

உப்பு ஏற ஏற நல்ல கொட்டையும் மிதக்கும் என்று லெய்வியா சொன்னாள். ஒன்றை உடைத்து வெள்ளைப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பாட்டுக்கு இருந்தது. அந்த இடைவெளியில் வில்லி பொங் படகுத்துறைப் பக்கம் நடையைக் கட்டினார். மூங்கில் குழாயைக்கூட எடுக்கவில்லை.

"திருட்டுப் பய, ஊரையே ஏமாத்திட்டான்," என்று நான் பல்லைக் கடித்தேன்.

"அவர ஏன் திட்டற, அண்ணே?" என்றாள் லெய்வியா. "ஒரு கொட்டைய உடைச்சுப் பாக்க ஒரு கல்லு போதும். அது எல்லார் வீட்டு வாசல்லயும்தான் கெடக்கு. குனிஞ்சு எடுக்கத்தான் ஆள் இல்ல."