உம்கொட்டு ராவுத்தரின் கதைக் காட்சிசாலை

சிங்கப்பூரில் உம்கொட்டு ராவுத்தரிடம் கதை கேட்காமல் தப்பித்தவன் எவனும் கிடையாது. ஊருக்குக் கப்பலேறப் போனவனைக்கூடத் துறைமுகம் வரைக்கும் விரட்டிப் போய், மிச்சக் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினாராம். நான் நம்புகிறேன். நான் பட்டவன்.

சிராங்கூன் ரோட்டில் கீழே அவருடைய மிளகாய் மண்டி. மேல்மாடியில் ஒற்றை அறை. அதுதான் காட்சிசாலை. ராட்சசனின் கடைவாய்ப்பல் இருக்கும். ஏதோ யானையினுடையது, பாவம். ஏழு கடல் தாண்டி வந்த கிளி இருக்கும், பஞ்சு அடைத்தது. பறக்கும் கட்டில் ஒன்று, உட்கார்ந்தால் கடகடவென்று ஆடும். அதற்குப் பக்கத்தில் பூதத்தை அடைத்துவைத்த சீனத்துச் சாடி, இடுப்புயரத்துக்கு. எல்லாம் கப்பல்காரர்களிடம் வாங்கியது. கதைகள் மட்டும் சொந்தச் சரக்கு.

பிள்ளை இல்லாமல் வருகிற ஆளுக்கு உள்ளே இடம் கிடையாது. அதனால் கல்யாணமாகாத பையன்கள் அக்கம்பக்கத்தில் குழந்தையை இரவல் வாங்கிக்கொண்டு படியேறுவார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை தனியாக வந்து நின்றார். "தனியா வந்தா என்னா காட்டுறது? போயி புள்ளயோட வாங்க" என்று கையை ஆட்டித் திருப்பி அனுப்பிவிட்டார் ராவுத்தர். துரை தன் சமையல்காரன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாரே பார்க்கலாம்!

வந்தால் மட்டும் போதாது, கதைக்கு ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். "என்னா, தூங்கிட்டியளா?" என்று கேட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாத அந்தத் துரைகூட வாய் வலிக்க ‘ம்’ கொட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கோமதியையும் ஐந்து வயது மகள் வள்ளியையும் கூட்டிக்கொண்டு போனேன். மனுஷன் அன்றைக்கென்று ஒரு புதுக்கதையை அவிழ்த்துவிட்டார்.

"அந்த ராட்சசன் இருக்கானே, அவன் அம்மா கொரல்ல கூப்பிடுவான், அப்பா கொரல்ல கூப்பிடுவான். பேரச் சொல்லியே கூப்பிடுவான்!"

"ம்" என்றாள் வள்ளி, கண்ணை இமைக்காமல்.

"ஏன்னு கேட்டு பதில் குடுத்த புள்ள தீந்துச்சு. ஒரே முழுங்கு!"

அந்த நேரம் பார்த்து மண்டிக்கு ஆள் வந்து கூப்பிட, அவர் கீழே போனார். நானும் கோமதியும் ஜன்னலில் சாய்ந்து ரோட்டில் போன டிராமை வேடிக்கை பார்த்தோம். திரும்பினால் வள்ளியைக் காணோம்.

"வள்ளி!" என்றேன். சத்தமே இல்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், படியில் பார்த்தேன். கோமதியின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஏங்க, ரோட்டுல இறங்கிட்டாளோ? டிராம் வருதே, மாட்டு வண்டி வருதே!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருவே திரண்டுவிட்டது. பால்காரன் கத்துகிறான், ரிக்‌ஷாக்காரர் கத்துகிறார். எல்லார் வாயிலும் "வள்ளி! வள்ளி!"

ஒன்றும் பலிக்காமல் எல்லாரும் மறுபடி மாடிக்கே வந்தோம். ராவுத்தரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "உங்க பல்லும் வேணாம், கிளியும் வேணாம். என் புள்ளையக் கொடுங்கய்யா!"

அவர் பேய் அறைந்தவர்போல நின்றார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! யாரும் கூப்பிடாதீங்க! எல்லாரும் வாயப் பொத்துங்க!"

சரி, ஆளுக்குக் கழன்றேவிட்டது என்று நினைத்தேன். அவரோ தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நடுங்குகிற குரலில் கதையைத் தொடர்ந்தார். "அந்தப் புள்ள காட்டு வழியா நடந்து போச்சாம்..."

ஒரு சத்தமும் இல்லை.

"போயி, ஒரு ஆத்தங்கரையில நின்னுச்சாம்..."

"ம்" என்றது சாடி.

நான் பாய்ந்துபோய்ச் சாடிக்குள் கையை விட்டு அவளைத் தூக்கினேன். கட்டில் மேல் ஏறி உள்ளே குதித்திருக்கிறாள். வந்ததும் வராததுமாகப் பெருமை வேறு. "அம்மா கொரல்லயும் கூப்பிட்டான், அப்பா கொரல்லயும் கூப்பிட்டான். நான் ஏன்னே கேக்கலியே!"

கோமதி அவளைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. அப்பாடா என்று அந்தத் தெருவே மூச்சு விட்டது. ராவுத்தர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, என்னைய ரெண்டு சாத்து சாத்திருங்க" என்றார். தாடியெல்லாம் ஈரம்.

உண்மையிலேயே சாத்துகிற எண்ணத்தில்தான் இருந்தேன். அதற்குள் வள்ளி அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். "அப்புறம் அந்த ராட்சசன் என்ன ஆனான்?"

அவர் அவள் தலையைத் தடவினார். "அவன் இப்பத்தான் மவுத்தாப் போனான் தாயி. இனிமே அம்மா கொரல் கேட்டா, அது அம்மாதான்."

ஒரு குழந்தை பயமில்லாமல் வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காகத் தன் ராட்சசனைக் கண்ணிமைக்கிற நேரத்தில் கொன்றுபோட்ட அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடிக்க இருந்தவன், அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.