சுவரை வாசித்த ருக்மணி

பள்ளிக்கூடத்துக்குள் வெளியாள் யார் நுழைந்தாலும் இன்ஸ்பெக்டர் என்று நடுங்குவது வாத்தியார் வர்க்கத்தின் பிறவிக் குணம். தபால்காரர் சைக்கிளை நிறுத்தினாலே பிள்ளைகளைக் கைகட்டி உட்காரவைத்துவிடுவோம். இந்தக் குணத்தால் நான் ஒருமுறை பட்ட அவமானத்தை என் வீட்டார் இன்றுவரை ஆறவிடவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். ட்ரெயினிங் முடித்த கையோடு சோமனூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்திருந்தேன். என் வகுப்பில் ருக்மணி என்றொரு பெண். காதால் கேட்டதை அப்படியே ஒப்பிப்பாள். பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் எட்டை மூன்றாக்கிவிடுவாள். பார்வைக் கோளாறாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தறிக்காரரான அவள் அப்பாவிடம் சொன்னேன்.

"இந்த வயசுல கண்ணுக்கு என்னங்க வரப்போகுது? படிப்பு ஏறலீங்க டீச்சர். பரீட்சை முடிஞ்சதும் நிறுத்திப்போட்டு நூல் சுத்த உட்டுடறேன்" என்றார்.

அன்றிலிருந்து தலைமையாசிரியரைப் பிடித்துக்கொண்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனை வேண்டும் என்று காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. (மருந்து கொடுப்பது மாதிரி.) தொல்லை தாங்காமல் அவரும் கோயமுத்தூர் டாக்டர் ஒருவரை ஏற்பாடு செய்தார். டாக்டர் எழுத்து அட்டையை முன்னதாகவே அனுப்பிவைத்தார். அதை என்னிடம் கொடுக்கும்போது தலைமையாசிரியர், "டவுன் டாக்டர் வாராருங்க டீச்சர். பசங்க முழிச்சா நம்மளுக்குத்தான் கேவலமுங்க" என்றார்.

அவ்வளவுதான். எனக்குள் இருந்த இன்ஸ்பெக்‌ஷன் பேய் எழுந்துகொண்டது. அட்டையைச் சுவரில் மாட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டு, "ட, ப, ம, ர" என்று வாய்ப்பாட்டு ராகத்தில் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பே பாடியது. முதலில் பாடமாக்கியவள் ருக்மணிதான். சபாஷ் என்று முதுகில் தட்டினேன். (யாருக்காகப் பரிசோதனை கேட்டோம் என்பது அப்போது என் மூளையில் இல்லை. மூளை இருந்ததா என்பதே சந்தேகம்.)

டாக்டர் வந்தார். பெற்றோரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஒரு கண்ணை மூடச் சொன்னால் முதல் பையன் இரண்டையும் மூடிக்கொண்டு ஒப்பித்தான். நல்லவேளை, டாக்டர் அட்டைப் பக்கம் திரும்பியிருந்தார்.

"கடைசி வரிகூடப் பிசகலையே. என்னங்க சாப்பிடறாங்க?"

"கம்பஞ்சோறுங்க டாக்டர்" என்றார் தலைமையாசிரியர் பெருமையாக.

ருக்மணியின் முறை வந்தது. ஓர் எழுத்துப் பிசகவில்லை. அருமையான பார்வை என்றார் டாக்டர். அவள் அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா டீச்சர், கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க. வா அம்மணி, ஊட்டுக்குப் போலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டரிடம் ஓடினேன்.

"நாந்தாங்க சொல்லிக்குடுத்தேன்."

"எதைங்க?"

"அட்டையைங்க. முழுசும்."

தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ருக்மணியை வாசல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். சத்தமில்லாமல் அட்டையைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்தார். பிறகு அவளைத் திருப்பி, "இன்னொருக்கா படி கண்ணு" என்றார்.

வெள்ளையடித்த வெறுஞ்சுவரைக் கண்ணை இடுக்கிப் பார்த்து, கடைசி வரி வரை ராகம் குறையாமல் வாசித்து முடித்தாள் ருக்மணி. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் அப்பா சிரிக்கவில்லை.

"அங்க ஒண்ணுமே இல்லீங்களே டாக்டர்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவமானத்தாலா நிம்மதியாலா என்று இன்றும் தெரியவில்லை.

டாக்டர் புதிதாக ஓர் அட்டை எழுதி, மொத்த வகுப்பையும் மறுபடி சோதித்தார். அது முடியும்வரை நான் வராந்தாவில் நிற்கவேண்டும் என்பது அவர் உத்தரவு. ருக்மணிக்குக் கண்ணாடி வந்தது. அவள் அப்பா அதன்பிறகு நூல் சுற்றும் பேச்சையே எடுக்கவில்லை. கண்ணாடி போட்ட மறுநாளே அவள் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "டீச்சர், பலகைல கூட்டல் தப்புங்க" என்றாள். தப்புத்தான்.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். வயதான பிறகு கண்புரைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அட்டையைப் படிக்கச் சொன்னார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது:

"ஏனுங்க டாக்டர், மொதல்ல அந்த அட்டையைக் கழட்டிப்போட்டுக் கேளுங்க."