தலைப்பில் நான்கு, செய்தியில் மூன்று

ஒரு காட்டில் ஒரு நாளிதழ் வந்துகொண்டிருந்தது. பெயர் 'ஈச்சங்காட்டு முழக்கம்'. ஆசிரியர் நரி, நிருபர் காக்கை. நிருபர் எழுதுவதை வெட்டித் திருத்தும் உதவி ஆசிரியர் வேலையில் ஒரு முயல் புதிதாகச் சேர்ந்திருந்தது. ஆறு மாதப் பயிற்சி. அன்று கடைசி நாள். பக்கம் பிழையில்லாமல் போனால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி புல் மேயப் போக வேண்டியதுதான்.

பயிற்சியில் முயல் கற்றது இவ்வளவுதான்: பெயரைச் சரிபார். எண்ணிக்கையை எண்ணிப் பார். தெரியாததை ஊகிக்காதே, கேள். பாவம், அதை அப்படியே நம்பிவிட்டது.

மதியம் முதல் பக்கச் செய்தி மேசைக்கு வந்தது. தலைப்பு: 'நால்வரைத் தின்றது புலி'. கீழே பெயர்கள்: பாறைமேட்டு வெள்ளாடு செவலை, ஓடைக்கரை மான் புள்ளியம்மா, காட்டுப்பன்றி முத்துக்கொம்பன். முயல் எண்ணியது. மறுபடி எண்ணியது. மூன்றுதான்.

"காக்கா அண்ணே, நாலாவது யாரு?"

"நான் மூணுன்னுதான் எழுதினேன். தலைப்பு போட்டது ஆசிரியர்" என்று காக்கை இறக்கையைக் கோதிக்கொண்டது.

முயல் நரியிடம் போனது. "சார், தலைப்புல நாலு இருக்கு, செய்தியில மூணு பேர்தான். மூணுன்னு மாத்திடட்டுமா?"

நரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியது. "மூணுன்னா உள்பக்கச் செய்திப்பா. நாலுன்னாதான் முதல் பக்கம். முப்பது வருஷமா தலைப்பு போடறேன், தப்புங்கிறியா?"

"அய்யோ, இல்ல சார்."

"அப்போ நீயும் காக்கையும் போய்ப் புலியையே கேட்டு உறுதி பண்ணுங்க. அது தரப்பையும் யாரும் கேக்கலையே!"

காக்கைக்கு உடனே காய்ச்சல் வந்துவிட்டது. முயல் பக்கத்தைச் சுருட்டிக்கொண்டு தானே கிளம்பியது.

எனக்கு இந்த முயல்மேல் கோபம்தான் வருகிறது. முன்பு அதே நாற்காலியில் இருந்த ஆமையாக இருந்தால், 'சிலரைத் தின்றது புலி' என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கும். அது இப்போது ராசிபலன் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது.

புலி குகை வாசலில் படுத்திருந்தது. பக்கத்தை வாங்கிப் படித்தது. தன் படம் நன்றாக விழுந்திருந்ததில் அதற்கு மகிழ்ச்சி.

"எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கீங்க. என்ன சந்தேகம்?"

"மூணு பேரா நாலு பேரான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேங்க."

புலி முயலை மேலும் கீழும் பார்த்தது. "உக்காருங்க தம்பி" என்றது அன்பாக. "தலைப்பு சரிதான்."

முயலுக்குப் புரிந்தது. ஓடப் பார்த்தது. அதற்குள் புலியின் பாதம் அதன் குட்டை வாலின்மேல் இருந்தது. மேலே மரக்கிளையில் காய்ச்சலோடு காக்கை உட்கார்ந்திருந்தது.

"காக்கா அண்ணே! என் வயசு ரெண்டு! ரெண்டுன்னு சரியா போடுங்க!"

அதுதான் அது செய்த கடைசித் திருத்தம்.

மறுநாள் பத்திரிகை வந்தது. தலைப்பில் மாற்றமில்லை. கீழே நான்கு பெயர்கள். எண்ணிக்கை கச்சிதமாக ஒத்துப்போனது. நரி பணி நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டு, காலி நாற்காலியில் வைத்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றது.

முயலின் வயது ஐந்து என்று அச்சாகியிருந்தது. அதைக் கவனித்துச் சொல்ல அலுவலகத்தில் ஆள் இல்லை.

நீதி: ஆசிரியர் போட்ட தலைப்பு தவறாவதே இல்லை, செய்திதான் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.