மூணாங்கிளாஸ் சாரும் எனக்கு விழுந்த சீட்டும்

பழவேற்காடு ஏரியைச் சுற்றி மூன்றாம் வகுப்பை அதிகத் தடவை படித்த மனிதர் என்று யாருக்காவது பட்டம் கொடுப்பதாக இருந்தால், அது மூணாங்கிளாஸ் சாருக்குத்தான் போக வேண்டும். பதினேழு பள்ளிக்கூடங்களில் நான்கு வருடம் விடாமல் படித்தார். ஒரு பள்ளிக்கூடத்தில்கூடத் தேறவில்லை.

மாணவர் இல்லை அவர். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் அனுப்பிய ஆசிரியர் பயிற்றுநர். மாதம் ஒரு தடவை பள்ளிக்கு வந்து, நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து, குறை நிறை சொல்லி, கைப்பேசியில் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டுப் போக வேண்டும். அவருக்கு முன்னால் வந்தவர்கள் ஹெச்.எம். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, இறால் எங்கே மலிவு என்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஏரிக்கரைக் குப்பத்தில் இருக்கும் எங்கள் இரண்டு டீச்சர் பள்ளிக்கூடம் அந்த ஏற்பாட்டுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

இவர் முதல் நாள் வந்ததும் செருப்பைக் கழற்றினார். பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். நேராக மூன்றாம் வகுப்புக்குள் போய், மூன்றாவது வரிசையில், பவித்ரா என்ற பெண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கொஞ்சூண்டு தரையில் தன்னைச் செருகிக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் உடம்பு இரண்டு ஆள் உடம்பு. பவித்ராவால் அன்றைக்கு முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டுதான் எழுத முடிந்தது.

"சார், சேர் போட்றேன்" என்றேன்.

"வேணாம் டீச்சர். சேர்ல உக்காந்தா போர்டு வேற மாதிரி தெரியுது. நீங்க நடத்துங்க, நான் மூணாவது."

இங்கே என் குறையையும் சொல்லிவிடுகிறேன். முப்பது பிள்ளைகள் முன்னால் நான் சிங்கம். நோட்டும் பேனாவுமாக ஒரே ஒரு வளர்ந்த ஆள் வந்து உட்கார்ந்தால் போதும், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர் பயிற்சித் தேர்வில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்ததில் ஆரம்பித்த வியாதி. இருபது வருடமாகியும் போகவில்லை.

இவர் விஷயத்தில் மட்டும் அது வேலை செய்யவில்லை, ஏனென்றால் பயப்பட அவர் நேரமே கொடுக்கவில்லை. வந்த பத்தாவது நிமிடம் பவித்ராவிடமிருந்து புகார் வந்தது.

"டீச்சர், இந்த சார் என் ரப்பர எத்துக்கினாரு. கேட்டா குடுக்க மாட்றாரு."

"பொய் டீச்சர்" என்றார் பயிற்றுநர். "அவதான் வெச்சுக்கோன்னு குடுத்தா."

பார்வைக் குறிப்பு என்று ஒரு கோடு போட்ட நோட்டை நீட்டுவார். 'டீச்சர் கழித்தல் சொன்னபோது எனக்குத் தூக்கம் வந்தது. பவித்ராவுக்கும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே நாரை வந்ததும் தூக்கம் போய்விட்டது' என்று எழுதியிருக்கும். ஒரு தடவை நான் பழக்கதோஷத்தில் சிவப்பு மையால் எழுத்துப்பிழை திருத்தி, அடியில் 'கையெழுத்து மோசம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினாராம். மேலிடம் என்ன சொன்னது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் பக்கத்துப் பையனோடு பேசிக்கொண்டே இருந்தார் என்று அவரை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாக வாசலைக் காட்டிவிட்டது. அவரும் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றார். அந்த நேரம் பார்த்து, ஆதார் நகல் கொடுக்கப் பவித்ராவின் நைனா வந்தார்.

"இன்னா சார், வெளிய நிக்கிறீங்கோ?"

"டீச்சர் நிக்க சொல்லிட்டாங்க."

"நீங்க இன்னும் மூணாவதுதான் கீறீங்களா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார் அவர்.

வேறு வேலை இல்லாததால் இருவரும் பேச ஆரம்பித்தார்கள். ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழுகிற இடங்களில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். பெரிய ஆள், சின்ன ஆள் என்ற பேச்சே கிடையாது.

"சீட்டு விழுந்தவரு போகலேன்னா?" என்று கேட்டார் சார்.

"எங்க ஊர்ல அந்த எடம் அன்னிக்கி சும்மா கெடக்கும். வேற ஒருத்தனும் வலை எறக்க மாட்டான். அது அவனோட எடம்."

"உள்ள வரலாமா டீச்சர்" என்று சார் திரும்பி வந்தபோது முகம் பளபளவென்றிருந்தது. ஏதோ வினை வரப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மாதம் ஒரு சனிக்கிழமை சுற்று வட்டாரத்து ஆசிரியர்கள் நாற்பது பேரும் பழவேற்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுவோம். ஒருவர் மாதிரி வகுப்பு எடுக்க, மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அனுப்பம்பட்டிலிருந்து வரும் மைக் பிரியர் ஒருவர் எல்லா மாதமும் தானே எடுத்துவிடுவார். மற்ற முப்பத்தொன்பது பேரும் நிம்மதியாகத் தூங்குவோம். என்னைக் கூப்பிட்டால் பல்வலி, தொண்டைக்கட்டு, கொழுந்தனார் வீட்டு கிரகப்பிரவேசம். ஒரே வீட்டுக்கு மூன்று தடவை கிரகப்பிரவேசம் நடத்திய குடும்பம் எங்களுடையது.

அடுத்த கூட்டத்துக்குச் சார் ஓர் எவர்சில்வர் சொம்போடு வந்தார். உள்ளே நாற்பது சீட்டு.

"இனிமே பாடு முறை. சீட்டு விழுந்தவங்கதான் எடுக்கணும். எடுக்கலேன்னா அந்த நாப்பது நிமிஷம் சும்மா கெடக்கும். நாம எல்லாரும் போர்ட பாத்துக்கினு உக்காந்திருப்போம்."

அடுத்த மாதத்துக்கு என்று குலுக்கிய முதல் சீட்டே எனக்கு விழுந்தது.

இந்த முறையில் ஏதாவது ஓட்டை இருக்குமா என்று பவித்ராவின் நைனாவிடமே போய்க் கேட்டேன். "ஒடம்பு முடியலேன்னா இன்னா பண்ணுவீங்க?"

"தம்பிய அனுப்புவோம். உங்களுக்கு தம்பி கீறாரா?"

இருக்கிறான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவனைப் பின்னக் கணக்கு நடத்த அனுப்பலாமா என்று நான் ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தேன்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. கரும்பலகையில் என் பெயர், அதன் கீழே 'பின்னம்'. மாதிரி வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தோம். குப்பத்தில் கோயில் திருவிழா, ஒன்றுகூட வரவில்லை. எதிரே நாற்பது வளர்ந்த ஆட்கள் மட்டும். சாக்பீஸை எடுத்தேன். வாய் திறந்தது, குரல் வரவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் கோழி வளர்க்கலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

மைக் பிரியர் எழுந்தார். "நான் வேணா எடுக்கட்டுமா சார்?"

"உக்காருங்க சார்" என்றார் மூணாங்கிளாஸ் சார். "அது டீச்சரோட எடம். சும்மா கெடந்தாலும் அவங்களுதுதான்."

சொல்லிவிட்டு பேன்ட்டை மடித்தார். முன்வரிசைக்கும் முன்னால், எல்லார் எதிரிலும், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"டீச்சர், ஒரு டவுட்டு. அரையவிட கால்தானே பெருசு?"

அவரே தொடர்ந்தார்.

"கீழ நாலு போட்டிருக்கே. நாலு ரெண்ட விட பெருசாச்சே."

இதே தப்பை இதே மனிதர் என் வகுப்பில் மூன்று தடவை செய்திருந்தார். மூன்று தடவையும் மூச்சு வாங்க விளக்கியிருந்தேன். காது சூடேறியது.

"எத்தினி தடவ சொல்றது உனக்கு?"

ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது. கேட்டது என் குரல் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

"ஒரு கூறு இறால ரெண்டு பேரு பிரிச்சிக்கினா ஆளுக்கு நெறய வருமா, நாலு பேரு பிரிச்சிக்கினாவா?"

"நாலு பேரு டீச்சர். ஆளு கூட இருந்தா பெரிய வலையா போடலாம். இறாலும் நெறய விழும்."

"புடிக்கிறதுலாம் முடிஞ்சிபோச்சு. இப்ப பிரிக்கிறதுதான் கணக்கு. எழுந்து நில்லு."

எழுந்து நின்றார். எங்கள் ஹெச்.எம். முன்வரிசையில் கூட்டத்து மசால்வடையைக் கடிக்கப் போய்க்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கினேன். பக்கத்து ஆளுக்கும் அவருக்கும் பாதிப் பாதி. அப்புறம் மேலும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, நாலாகப் பிய்த்து, ஹெச்.எம். கையில் ஒரு துண்டை வைத்தேன்.

"இப்ப சொல்லுங்க சார், எது பெருசு?"

"அரைதான்மா" என்றார் ஹெச்.எம். அவர் சொன்ன குரலிலேயே ஹால் முழுக்கப் பின்னம் புரிந்துவிட்டது.

மூணாங்கிளாஸ் சார் கையைத் தூக்கினார். "அப்ப எட்டுல ஒண்ணு, டீச்சர்?" ஹெச்.எம். தன் துண்டைச் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டார். நாற்பது நிமிடம் முடிந்தது எனக்குத் தெரியவே இல்லை. டீக்காரர் வந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "சார், நெஜமா சொல்லுங்க. நடிச்சீங்கதானே?"

"சத்தியமா இல்ல டீச்சர். நான் ஹிஸ்டரி. கணக்குன்னா சின்ன வயசுலேர்ந்தே தகராறு. இப்பதான் லேசா புடிபடுது."

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அந்தப் பதிலை இன்றுவரை நான் பாதிதான் நம்புகிறேன்.

போன ஜூனில் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது பொன்னேரியில் பயிற்சி என்றால் என்னைத்தான் பேசக் கூப்பிடுகிறார்கள். நூறு பேர்கூட இருப்பார்கள். முதல் நிமிடம் நாக்கு இன்னமும் ஒட்டத்தான் செய்கிறது. அப்போது முன்வரிசைக்கு முன்னால் இருக்கும் வெறும் தரையைப் பார்ப்பேன். இத்தனை பேர் எதிரில் எனக்காக ஒருவர் மக்காக இருக்கச் சம்மதித்தாரே என்று நினைத்துக்கொள்வேன். பேச்சு வந்துவிடும்.